அந்தமானுக்கு ஆறு தோழியர்: எத்தனை தீவு போதும்?

கேள்வி: கல்லூரியில் ஒரே விடுதியில் தங்கிப் படித்த ஆறு பேர் நாங்கள். எல்லோருக்கும் நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. குடும்பத்தை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் வரும் பிப்ரவரியில் அந்தமான் போவதாக இருக்கிறோம். ஐந்து இரவு, ஆறு பகல். எங்களில் ஒருத்தி போர்ட் பிளேர், ராஸ் தீவு, நார்த் பே, பாராடாங், ஹேவ்லாக், நீல் என்று மணிவாரியாக அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறாள். எனக்கோ கடற்கரையில் சும்மா கிடந்து பேசிக்கொண்டிருந்தால் போதும். ஒருத்திக்கு நீச்சல் தெரியாது, ஆனால் கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க ஆசை. ஒருத்தி சுத்த சைவம். இன்னொருத்திக்குப் பஸ்ஸில் உட்கார்ந்தாலே குமட்டும். எல்லோருடைய வசதியும் ஒன்றுபோல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனஸ்தாபம் இல்லாமல் போய்வர வழி சொல்லுங்கள். (வாசகி, திருச்சி)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தோழி போட்ட அட்டவணையில் மோசமான இடம் என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் அதில் இடங்களை எண்ணாதீர்கள். எத்தனை முறை படகுத்துறையில், அதாவது ஜெட்டியில், போய் நிற்கவேண்டும் என்று எண்ணுங்கள். ராஸ் தீவுக்கும் நார்த் பேக்கும் சேர்த்து ஒரு நாள். பாராடாங்குக்கு ஒரு நாள். ஹேவ்லாக் போக ஒரு படகு, அங்கிருந்து நீல் போக ஒரு படகு, நீலிலிருந்து போர்ட் பிளேர் திரும்ப இன்னொரு படகு. அந்தமான் போய்வந்தவர்கள் களைத்துப்போனோம் என்று சொன்னால், பெரும்பாலும் அந்தக் களைப்பு ஜெட்டியில் வந்ததாகத்தான் இருக்கும்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போகத் தனியார் விரைவுப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும் என்று விளம்பரத்தில் இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்காக நீங்கள் காலையில் அவசரமாக அறையைக் காலி செய்யவேண்டும், ஆறு பேரின் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றவேண்டும், படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்னதாகத் துறைக்குப் போகவேண்டும். அங்கே டிக்கெட்டில் உள்ள பெயரையும் ஆதாரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெட்டிகள் சோதனைக்குப் போகும். இறங்கிய பிறகு மறுபடி வண்டி பிடிக்கவேண்டும். போய்ச் சேர்ந்தால் அறை தயாராகவில்லை, நண்பகலுக்குமேல் வாருங்கள் என்பார்கள். ஆக ஒரு படகுப் பயணம் என்றால் அரை நாள் போய்விட்டது என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று படகு என்றால் ஒன்றரை நாள். உங்களிடம் இருப்பதே ஆறு பகல், அதிலும் முதல் பகலும் கடைசிப் பகலும் விமானத்துக்குச் சொந்தம்.

ஆகவே என் யோசனை இதுதான்: ஒரே ஒரு தீவைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நான்கு இரவு தங்குங்கள். ஐந்தாவது இரவு போர்ட் பிளேர். வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

எந்தத் தீவு என்று கேட்பீர்கள். சும்மா கிடப்பது ஒன்றே நோக்கம் என்றால் நீல்தான் பொருத்தம். சின்னத் தீவு, சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர் என்று கடற்கரைகளுக்கெல்லாம் ராமாயணப் பெயர். வயலும் காய்கறித் தோட்டமுமாக நம் ஊர்க் கிராமம் ஒன்றைக் கடலில் கொண்டுபோய் வைத்ததுபோல் இருக்கும். ஆனால் நீங்கள் ஆறு பேர், ஆறு விதமான விருப்பம். ஒருவர் கடலுக்கு அடியில் போகவேண்டும், ஒருவருக்குச் சைவச் சாப்பாடு வேண்டும், அட்டவணை போட்டவருக்கு நாளுக்கு ஒரு இடமாவது பார்த்தாகவேண்டும். இத்தனைக்கும் ஈடுகொடுப்பது ஹேவ்லாக். நீல் தீவை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக்கிலிருந்து ஒரே பகலில் நீல் போய்த் திரும்பிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். மீண்டும் இரண்டு ஜெட்டி, இரண்டு வரிசை.

டிக்கெட் எடுக்கும்போது குழம்பவேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் துவீப் என்றும், நீல் ஷாஹீத் துவீப் என்றும் ஆயின. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் வந்தது. அரசுப் படகு அட்டவணையில் இந்தப் பெயர்களைத் தேடுங்கள். ஆட்டோக்காரரிடம் பழைய பெயரே போதும்.

பாராடாங் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்கலாம் என்று எல்லாத் தொகுப்புச் சுற்றுலாவிலும் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். அதற்கு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, சோதனைச் சாவடியில் வாகன வரிசையில் காத்திருந்து, காவல் துணையுடன் மொத்தமாக அனுப்பும் வண்டிகளோடு காட்டுச் சாலையில் போகவேண்டும். ஓய்வெடுக்க வந்தவர்கள் இதில் ஏன் சிக்கவேண்டும் என்பது முதல் கேள்வி. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. அந்தச் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பு நிலத்தின் ஊடாகப் போகிறது. அந்தச் சாலைப் பகுதியை மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது. இன்றும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வழியில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, தின்பண்டம் நீட்டக்கூடாது என்பது சட்டம். குகையைக் காட்டுகிறோம் என்று சொன்னாலும், அந்தப் பயணத்தை விற்பவர்களில் பலர் மறைமுகமாக விற்பது சாலையோரத்து மனிதர்களைத்தான். உங்கள் தோழிக்கு அப்படி ஒரு எண்ணம் துளியும் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

இனி நாள் கணக்குக்கு வருவோம். திருச்சியிலிருந்து முந்திய நாளே சென்னைக்கு வந்துவிடுங்கள். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பறப்பு. விமானம் காலை ஒன்பது மணிக்குள் இறங்குவதாக இருந்தால், பிற்பகல் படகில் அன்றே ஹேவ்லாக் போய்விடலாம். விமானம் இறங்கும் நேரத்துக்கும் படகு கிளம்பும் நேரத்துக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இருக்கட்டும். அது கிடைக்காவிட்டால் முதல் இரவைப் போர்ட் பிளேரில் கழித்துவிட்டு மறுநாள் முதல் படகில் போங்கள். ஒரு இரவு குறைந்ததற்காக யாரும் வருந்தவேண்டாம், ஓடிப் பிடிப்பதைவிட அது மேல்.

அங்கே போனதும் உங்களைத் திகைக்க வைப்பது சூரியன்தான். கிழக்கே அவ்வளவு தூரம் தள்ளி இருந்தும் கடிகாரம் நம் இந்திய நேரம்தான் காட்டும். பிப்ரவரியில் ஆறு மணிக்கு முன்பே பளிச்சென்று விடிந்துவிடும், மாலை ஐந்தரை வாக்கில் சூரியன் விழுந்துவிடும். நம் ஊர் வழக்கப்படி மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, காபி குடித்து, ஐந்து மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்க்கமுடியும். ராதாநகர் கடற்கரைக்கு மூன்றரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். ‘டைம்’ பத்திரிகை 2004-ல் ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று எழுதிய இடம் அது. அதிலிருந்து கூட்டமும் சேர்ந்துவிட்டது. ஆனால் நீளமான கரை. நுழைவாயிலில் இருந்து பத்து நிமிடம் மணலில் நடந்தால் ஆறு பேர் வட்டமாக உட்காரத் தாராளமாக இடம் கிடைக்கும். பின்னால் மோவா என்று அங்கே சொல்லும் உயர்ந்த மரங்கள் கரை நெடுக நிழல் கொடுக்கும். சூரியன் மறைந்தபின் வெளியே வந்து வண்டி தேடாதீர்கள். போகும்போதே திரும்புவதற்கும் சேர்த்துப் பேசி வைத்துவிடுங்கள். ஜெட்டிப் பக்கத்திலிருந்து அது சுமார் 12 கிலோமீட்டர், இருட்டினால் வழியில் வெளிச்சம் குறைவு. உங்களில் ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் இருந்தால் பகலில் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். அசல் ஓட்டுநர் உரிமத்தை மறக்காமல் கொண்டுபோங்கள்.

சூரியனைவிடவும் முக்கியமானது கடலின் ஏற்றமும் வற்றும், அதாவது தண்ணீர் உயர்ந்து கரையேறுவதும் பின்வாங்கிப் போவதும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நிறையப் பேர் ஏமாந்து திரும்புவது இதனால்தான். ஹேவ்லாக்கின் தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை கிழக்குக் கரையில், விஜயநகர், கோவிந்தநகர் பக்கம் இருக்கின்றன. விளம்பரப் படத்தில் அறையின் வாசற்படி வரை நீலத் தண்ணீர் நிற்கும். அது ஏற்ற நேரத்தில் எடுத்த படம். வற்றில் அதே கடல் நூறு, இருநூறு அடி பின்வாங்கிப் போயிருக்கும். அங்கே தெரிவது பாறையும் செத்த பவளமும் கலந்த ஒரு பெரிய திடல். கணுக்காலளவு குட்டைகளில் கடல் அட்டை அசையாமல் கிடக்கும். சங்கைச் சுமந்துகொண்டு நண்டுகள் நடக்கும். கொஞ்சம் குனிந்து நின்று பார்த்தால் விரல் நீள மீன்கள் நிழல் விழுந்ததும் கல்லுக்கடியில் ஓடுவது தெரியும். பார்ப்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். ஆனால் குளிக்கலாம் என்று துண்டோடு வந்தவருக்கு எரிச்சல்தான் வரும். இறங்கினால் உள்ளங்காலைக் கிழித்துவிடும்.

ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. சுமார் ஆறு மணி நேர இடைவெளியில் ஒன்று மாறி ஒன்று வரும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை எட்டு மணிக்கு ஏற்றம் என்றால் நான்காம் நாள் பத்தரைக்கு வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக உயரவும் செய்யும், மிகத் தூரம் வற்றவும் செய்யும். விடுதியில் கேட்டால் அந்த வாரத்துக்கான ஏற்ற நேரத்தைச் சொல்வார்கள், இணையத்திலும் கிடைக்கும். உங்கள் தோழி அட்டவணை போடாமல் இருக்கமாட்டார் என்று தோன்றுகிறது. அப்படியானால் இந்த நேரத்தை வைத்துப் போடச் சொல்லுங்கள். ஏற்றம் காலையில் வரும் நாட்களில் விடுதிக் கரையிலேயே குளியல், மாலையில் ராதாநகர். ராதாநகர் மணல் தரை என்பதால் ஏற்றமோ வற்றோ அங்கே அவ்வளவாகத் தொந்தரவு இல்லை. படகு டிக்கெட் பொறுப்பையும் அவரிடமே ஒப்படையுங்கள். இந்த வேலைக்கு அவரைப்போல் ஆள் கிடைக்காது.

ராதாநகரில் உயிர்காப்பாளர் நிற்கும் எல்லைக்குள்தான் இறங்கவேண்டும். அந்தமானின் கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010-ல் ராதாநகருக்குப் பக்கத்து வளைகுடா ஒன்றில் சுற்றுலாப் பயணி ஒருவரை முதலை தாக்கிக் கொன்றது. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் அதை அலங்காரம் என்று நினைத்துவிடக்கூடாது, அவ்வளவுதான். உண்மையில் உங்களைக் கடிக்கப்போவது வேறு. மணல் ஈ. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கடிக்கும்போது வலிக்காது, ஊருக்கு வந்தபிறகும் கால் அரித்துக்கொண்டிருக்கும். ஈர மணலில் நேராக உட்காராமல் விரிப்பு போட்டு உட்காருங்கள். காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் ஓரளவு தப்பிக்கலாம்.

நீச்சல் தெரியாத தோழி கடலுக்கு அடியில் போகமுடியுமா? முடியும். முதல் முறை முழுகுபவர்களுக்கென்றே ஸ்கூபா பயிற்சி நிலையங்கள் தனியாக ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன. முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் வாயால் மூச்சுவிடவும், முகமூடிக்குள் தண்ணீர் வந்தால் வெளியேற்றவும், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதடைப்பை நீக்கவும் சொல்லித்தருவார்கள். அதன்பிறகு பயிற்றுநர் பிடித்துக்கொண்டே சில மீட்டர் ஆழத்துக்கு அழைத்துப் போவார். தமிழ் தெரிந்த பயிற்றுநர் வேண்டும் என்று கேட்டுப்பாருங்கள், கிடைப்பதுண்டு. பயப்படும் நேரத்தில் தாய்மொழியில் ஒரு சொல் கேட்டால் பாதிப் பயம் போய்விடும். ஒரு ஆளுக்கு ஒரு பயிற்றுநர் என்று உறுதி கொடுக்காத இடத்தில், எவ்வளவு மலிவாக இருந்தாலும் பணம் கட்டாதீர்கள். உடல்நலப் படிவம் ஒன்று நீட்டுவார்கள். ஆஸ்துமா, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, காதில் பழைய தொல்லை எதையும் மறைக்காமல் எழுதவேண்டும். உங்கள் வயதில் இவற்றில் ஒன்றாவது யாருக்காவது இருக்கும், ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வருவது நல்லது. சளி பிடித்திருந்தால் அன்று வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. முழுகி எழுந்தபின் உடனே விமானம் ஏறக்கூடாது. ஒருமுறை மட்டும் முழுகினால் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட முறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது முழுக்காளர்களின் பாதுகாப்பு விதி. ஆகவே இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் காலையிலேயே முடித்துவிடட்டும். மற்றவர்கள் கூடவே போய்க் கரையில் காத்திருக்கவேண்டியதில்லை. தனியாகவே அனுப்புங்கள், திரும்பி வந்து சொல்வதற்கு அவரிடமும் ஒரு கதை இருக்கும்.

முழுக்கு வேண்டாம், மேலே மிதந்தபடி பார்த்தால் போதும் என்பவர்களுக்கு எலிஃபண்ட் பீச். ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து சிறு படகில் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம், காட்டு வழியாக நடந்தும் போகலாம். மிதவை உடுப்பு கட்டி, உதவியாளர் வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்க் காட்டுவார். பவளத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த நிறத்திலேயே எதிர்பார்க்கவேண்டாம். 2010-ல் கடல் சூடேறி அந்தமான் பவளப் பாறைகள் பெருமளவில் வெளுத்துப்போயின. பல இடங்களில் இன்னும் சாம்பல் நிறம்தான். மீன்கள் குறைவில்லை. எதன்மேலும் கால் ஊன்றாதீர்கள். படகு, ஜெட் ஸ்கீ, பாராசெயிலிங் என்று அந்தக் கரையில் ஒரே கூச்சலாக இருக்கும். என்னைக் கேட்டால் நான்கு நாளில் ஒரு காலைப்பொழுதுக்கு மேல் அதற்குத் தகுதியில்லை.

குமட்டல் உள்ளவருக்குப் பிப்ரவரி கைகொடுக்கும். மழையும் புயலும் ஓய்ந்து கடல் ஓரளவு அடங்கியிருக்கும் மாதம். மே பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் இதே படகு வேறு மாதிரி ஆடும். படகில் கீழ்த்தளத்தில், நடுவிலோ பின்பக்கமோ இருக்கை கேளுங்கள், முன்வரிசை வேண்டாம். கைப்பேசியைப் பார்க்காமல் சன்னல் வழியே தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும். காலையில் இரண்டு இட்லி போதும், வெறும் வயிறும் ஆகாது. மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் மருத்துவர் சொன்னதைப் படகு கிளம்புவதற்கு முன்னரே போட்டுவிடவேண்டும், குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. அடைத்த குளிர்சாதன அறையே ஒத்துக்கொள்ளாதவர்கள் அரசுப் படகைப் பார்க்கலாம். கட்டணம் குறைவு, மேல்தளத்தில் காற்றில் நிற்கலாம். நேரம் கூடுதல், டிக்கெட் கிடைப்பதுதான் பாடு.

சைவத் தோழியைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஹேவ்லாக்கில் குடியேறியவர்கள் பெரும்பாலும் 1950-களில் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்கள், ஆகவே மீன் இல்லாத வீடு அங்கே அபூர்வம். ஆனாலும் கடைத்தெருவில் தோசையும் கிடைக்கும், சைவச் சாப்பாடும் கிடைக்கும். ஒரே எண்ணெயில் மீனும் பொரிப்பார்களே என்ற சங்கடம் உள்ளவர் என்றால் தனிச் சைவ உணவகத்தைக் கேட்டுப் போவது நல்லது. நிறையப் பொருள்கள் கப்பலில் வந்து இறங்குவதால் விலை நம் ஊரைவிடக் கூடுதலாக இருக்கும். போர்ட் பிளேரில் இந்தப் பிரச்சினையே இல்லை. தமிழர் அங்கே பெருந்தொகை. அபர்தீன் பஜாரில் நீங்கள் தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் வரும்.

இனி பணம். உங்கள் கடிதத்தில் கடைசி வரியில் இதைச் சொல்லியிருந்தாலும், முதலில் தீர்க்கவேண்டியது இதுதான். நட்புக் குழுக்களில் சண்டை பெரும்பாலும் செலவு அதிகமானதால் வருவதில்லை, வசதி குறைந்தவர் எல்லோர் முன்னாலும் ‘எனக்குக் கட்டுப்படியாகாது’ என்று சொல்லவேண்டி வந்ததால் வருகிறது. அந்த நிலைக்கு யாரையும் கொண்டுபோகாதீர்கள். உங்களில் ஒருவர், பேச்சு வெளியே போகாது என்று எல்லோரும் நம்பும் ஒருவர், மற்ற ஐந்து பேரிடமும் தனித்தனியாக அவரவர் செலவு வரம்பைக் கேட்டுக்கொள்ளட்டும். ஆறு தொகையில் மிகச் சிறியது எதுவோ அதற்குள் விமானம், படகு, அறை, பொது வண்டி, பொதுச் சாப்பாடு அடங்கவேண்டும். யார் சொன்ன தொகை என்பது மற்றவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை. ஸ்கூபா, மசாஜ், நினைவுப் பொருள், குடிவகை எல்லாம் அவரவர் சொந்தச் செலவு. வசதி உள்ளவர் ‘நான் போட்டுக்கொள்கிறேன், நீ வா’ என்று அன்போடு சொல்வதும் சில சமயம் காயப்படுத்தும், அதைத் தனியாகக் கேட்டால் போதும்.

அறையும் அப்படித்தான். மூன்று பேர் கடலோரக் குடிலில், மூன்று பேர் பின்வரிசைச் சாதா அறையில் என்று பிரியவேண்டாம். ஒரே விடுதியில் ஒரே தரத்தில் மூன்று அறைகள், அறைக்கு இருவர். கடலைப் பார்த்த அறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் என்பது என் அபிப்பிராயம், அறைக்குள் இருக்கவா போகிறீர்கள்? குறட்டை விடுபவர் யார் என்பது விடுதி நாட்களிலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்கேற்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரொக்கம் வேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் போட்டபின் அந்தமானில் இணையம் எவ்வளவோ தேவலை. ஆனாலும் ஹேவ்லாக்கில் கைப்பேசிப் பணம் எப்போது போகும், எப்போது சுற்றிக்கொண்டே நிற்கும் என்று சொல்லமுடியாது. ஏடிஎம்களும் கைவிரல் எண்ணிக்கைதான். போர்ட் பிளேரிலேயே எடுத்து, பொதுப்பணத்தை இரண்டு பேர் பையில் பிரித்து வையுங்கள்.

ஒவ்வொரு நாளையும் எப்படிக் கழிப்பது என்பதில் நான் சொல்வது ஒன்றே: ஒரு நாளைக்கு எல்லோரும் சேர்ந்து செய்வது ஒன்று மட்டும். மாலை ராதாநகர், அல்லது ஒரு காலை எலிஃபண்ட் பீச், அல்லது கிழக்கே காலாபத்தர் கரையில் சூரிய உதயம். மீதி நேரத்தில் தூங்குபவர் தூங்கட்டும், சுற்றுபவர் சுற்றட்டும், யாரும் யாருக்கும் காரணம் சொல்லவேண்டாம். உங்கள் தோழி காலாபத்தரையும் அங்காடியையும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் தூக்கம். ஒரே நிறச் சேலை கட்டி வரிசையில் நின்று படம் எடுக்கும் திட்டம் இருந்தால் முதல் மாலையே முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் நான்கு நாளும் அதே பேச்சாக இருக்கும்.

திரும்பும் நாள். ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகைப் பிடித்து அன்றே விமானம் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் காத்திருக்காது. ஐந்தாம் நாள் மதியத்துக்குள் போர்ட் பிளேர் வந்துவிட்டால் அன்று மாலை செல்லுலார் சிறைக்குப் போகலாம். உங்கள் தோழியின் பட்டியலில் போர்ட் பிளேர் பக்கம் நான் விட்டுவைப்பது அது ஒன்றைத்தான். 1906-ல் கட்டி முடித்தது. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகளாகப் பிரிந்திருந்த கட்டடத்தில் இன்று மூன்றே மிச்சம். ஒரு சிறகின் கொட்டடிகள் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்தபடி அமையுமாறு கட்டியிருக்கிறார்கள், கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது என்பதற்காக. வழிகாட்டியை வைத்துக்கொண்டு ஓடாமல் நீங்களாகவே ஒரு கொட்டடிக்குள் சற்று நேரம் நின்று பாருங்கள். ஒலி ஒளிக் காட்சிக்கு டிக்கெட்டை முன்னதாக எடுத்து வைக்கவேண்டும்.

பெட்டியைக் கட்டும்போது கரையில் பொறுக்கிய சிப்பி, சங்கு, பவளத் துண்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். பவளமும் பல சங்கு வகைகளும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்துக் கரையொதுங்கியதுதானே என்ற வாதம் விமான நிலையத்தில் எடுபடாது. சிப்பிப் பொருள் கட்டாயம் வேண்டும் என்றால் உரிமம் உள்ள கடையில் வாங்கி, ரசீதைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.